வயதானால் உடல் பருக்கத்தான் வேண்டுமா?

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று தமிழ்ப்பள்ளியில் எழுதிப் பழகியவர்கள் நாம். ஆயினும், “வயதானால் உடம்பு போடத்தான் செய்யும்” என்று நம் வீடுகளில் வெகு இயல்பாகச் சொல்லிவிடுகிறோம். இது உண்மைதானா? பட்டம் பெறப்போகும் நாமும், முன்பே பட்டம் பெற்றுச் சென்ற அண்ணன்மார்களும் அக்காமார்களும் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

பழி யார் மீது?

2021-ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ ஆய்விதழில் ஹெர்மன் பொன்ட்சர் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டோரின் தரவுகள் அதில் ஆராயப்பட்டன. உடலின் அளவைக் கணக்கில் கொண்டால், 20 முதல் 60 வயது வரை உடல் எரிக்கும் ஆற்றல் ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது. 60-க்குப் பிறகே ஆண்டுக்குச் சுமார் 0.7 விழுக்காடு குறைகிறது. ஆகவே, முப்பதிலும் நாற்பதிலும் ஏறும் எடைக்கு வயதை மட்டும் குறை சொல்ல முடியாது.

மாறிய உழைப்பு, மாறாத தட்டு

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியற்காலையில் தொடங்கி நிரை நிரையாக நடந்து, பால் வாளி சுமந்தவர். அந்த உழைப்புக்குத் தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது. என் அப்பா லாரி ஓட்டுநர். நாள் முழுவதும் இருக்கையில்தான் வேலை. உழைப்பு மாறியது, சோற்றின் அளவு மாறவில்லை. நாற்பத்தைந்து வயதில் அவருக்கு இனிப்புநீர் நோய் கண்டது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மூவினங்களில் இந்தியர்களிடமே அது மிக அதிகம்.

தசையே சேமிப்பு

முப்பது வயதுக்குப் பின் உழைக்காத தசை மெல்லக் கரைகிறது. எடை மாறாமலேயே தசை குறைந்து கொழுப்பு கூடலாம். முதுமையில் நாற்காலியிலிருந்து எழவும், விழாமல் நடக்கவும் அந்தத் தசைதான் துணை. இளமையில் சேர்ப்பதே முதுமைக்கு உதவும். தசையும் ஒருவகைச் சேமநிதிதான்!

நாம் செய்யக்கூடியவை

1. வாரம் 150 நிமிடமாவது விறுவிறுப்பான நடை, 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை இது. மாடிப்படி ஏறலாம், நாற்காலியில் உட்கார்ந்து எழலாம். கட்டணம் கட்டிப் பயிற்சிக் கூடத்தில் சேர வேண்டிய கட்டாயமில்லை.

2. உணவில் அளவு. ஒரு ரொட்டி சானாயில் ஏறத்தாழ 300 கலோரி. அரைமணி நேர நடையில் செலவாவதோ 120 முதல் 150 கலோரிதான். தே தாரேக்குக்குப் பதிலாகத் தே ஓ கோசோங் கேட்கலாம். சோற்றைக் குறைத்துப் பருப்பு, மீன், முட்டை, தெம்பே ஆகியவற்றைக் கூட்டலாம். முன்பு உண்டது செரித்த பின்னரே அளவறிந்து உண்ணுமாறு வள்ளுவரும் ‘மருந்து’ அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார்.

3. இடுப்பளவைக் கவனித்தல். ஆசியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினாலே எச்சரிக்கை. எடைத்தராசு காட்டாத வயிற்றுக் கொழுப்பை இது காட்டிக்கொடுக்கும்.

நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது ஓர் அளவு நாடாவையும் பையில் வைத்துக்கொள்வோம். அம்மா, அப்பாவின் இடுப்பை அளப்போம், நம்முடையதையும் அளப்போம். மாலையில் அவர்களை அழைத்துக்கொண்டு நடப்போம். நாம் வாங்கும் பட்டத்தின் பலனை அவர்கள் நெடுங்காலம் நலமாக இருந்து அனுபவிக்க வேண்டாமா?