லாரி விபத்தும் சட்ட உதவியும்

சாலை விபத்துச் செய்தியை நாளிதழில் படித்து மறந்துவிடும் வழக்கம் எனக்கும் இருந்தது. திண்டிவனம் சாலையில் சைக்கிளில் வந்த என் தாய்மாமன் மீது பார லாரி மோதி, அவர் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்த பிறகே மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டினேன். மாமாவுக்கு வயது 38; காய்கறி மண்டியில் மூட்டை தூக்குபவர்.

மூன்றாம் நாளே லாரி உரிமையாளரின் ஆள் 50,000 ரூபாயுடனும் முத்திரைத்தாளுடனும் மருத்துவமனைக்கு வந்துவிட்டார். "கோர்ட்டுக்குப் போனா பத்து வருஷம் ஆகும்மா, வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றார். அத்தை பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். அவரை நான் குறை கூற மாட்டேன். வீட்டில் அன்று அரிசி இல்லை. தடுத்தவர், அடுத்த கட்டிலில் இருந்தவரின் தந்தை. ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா அவர்.

அந்த ஐம்பதாயிரம் எதற்கு ஈடு? மாமாவின் மாத வருமானம் 10,000 எனக் கொள்வோம். ஆண்டுக்கு 1,20,000. நாற்பது வயதுக்கு உட்பட்ட சுயதொழிலாளிக்கு எதிர்கால உயர்வாக 40 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஆக 1,68,000. உழைப்புத் திறனில் பாதியே போயிற்று என்றாலும் 84,000. அவர் வயதுக்குரிய பெருக்கு எண் 15 என்பது 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அட்டவணை. பெருக்கினால் 12,60,000 ரூபாய்! மருத்துவச் செலவும் வேதனைக்கான தொகையும் இதில் சேரவில்லை.

மூட்டை தூக்குபவருக்குச் சம்பளச் சீட்டு ஏது என்று கேட்கலாம். காலிழந்த காய்கறி வியாபாரி ஒருவருக்கு, வருமானச் சான்று இல்லாமலேயே மாதம் 6,500 என உச்ச நீதிமன்றம் 2014இல் கணக்கிட்டது. கால் போனால் குமாஸ்தாவுக்கு நேரும் வருமான இழப்பும் சுமைத் தொழிலாளிக்கு நேரும் இழப்பும் ஒன்றல்ல. மருத்துவர் எழுதும் ஊன விழுக்காட்டை அப்படியே வருமான இழப்பாகக் கொள்ளலாகாது என்பதும் 2011 முதல் தெளிவான சட்டம்.

எங்களுக்கு இடறியது வேறோரிடம். மாமாவைத் தூக்கி வந்த புண்ணியவான் பதற்றத்தில் "சைக்கிளிலிருந்து விழுந்துட்டார்" என்று சொல்லிவிட, விபத்துப் பதிவேட்டில் அதுவே ஏறிவிட்டது. இப்போது காப்பீட்டு நிறுவனம் லாரி மோதவே இல்லை என்கிறது. ஏ.ஆர். காப்பி எனப்படும் அந்த ஒற்றைத் தாளை அன்றே யாராவது படித்திருந்தால்!

லாரி வெளிமாநிலப் பதிவு. அங்கெல்லாம் அலைய வேண்டுமோ என்று அஞ்சினோம், வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே 166ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்யலாம். ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டும் என்ற கெடு 1-4-2022 முதல் வந்துள்ளது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றிருக்கிறார்கள். அதை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம்.

தரகர் ஒருவர் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு கேட்டார். குமாஸ்தா ஐயாவோ எங்களை நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துச் சென்றார். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு அங்கே இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறார்கள். ஒரு வெள்ளைத் தாள் விண்ணப்பமே போதுமானதாயிருந்தது.

அடுத்த வாய்தாவில் சாட்சி விசாரணை. மாமாவுடன் மூட்டை தூக்கும் ஒருவர் மோதலைக் கண்ணால் கண்டவர். லாரி எண்ணை அன்றே பீடிக்கட்டின் உறையில் எழுதி வைத்திருந்தார். ஒருநாள் கூலி போனாலும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.