மாந்தோப்பில் மருந்து தெளிப்பு: கூலியாளின் பாதுகாப்பு தோப்புக்காரர் பொறுப்பு

கிருஷ்ணகிரி, தர்மபுரி, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் மாமரங்கள் பூவெடுக்கும் மார்கழி, தை மாதங்களில் தத்துப்பூச்சியின் தாக்குதலும் தொடங்கிவிடும். பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சி, பூவையும் பிஞ்சையும் உதிரச் செய்யும் இந்தப் பூச்சிக்கு மருந்து தெளிக்காத தோப்புகள் குறைவு. மருந்தை வாங்குபவர் தோப்புக்காரர். தெளிப்பவரோ பெரும்பாலும் நாள் கூலிக்கு வருபவர். புட்டியின் மேல் உள்ளதைப் படிக்காமலே வேலையில் இறங்கும் அவருடைய உடல்நலத்தைக் காக்க வேண்டியது தோப்புக்காரரின் கடமையாகும்.

தோப்பில் ஆபத்து அதிகம்

நெல் வயலில் மருந்து இடுப்புக்குக் கீழே விழுகிறது. மாந்தோப்பில் நிலைமை வேறு. 25, 30 அடி வளர்ந்த மரங்களுக்கு அண்ணாந்து பார்த்துத் தெளிக்கும்போது, மருந்துச் சாரல் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் இறங்குகிறது. ராக்கர் தெளிப்பானில் குழலைப் பிடிப்பவர் மட்டுமின்றி, கைப்பிடியை ஆட்டுபவரும் நனைகிறார். பூச்சி மருந்து வாய் வழியாக மட்டுமல்லாமல், மூக்கு வழியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லக் கூடியது.

2017-ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டு பருத்திச் செடிகள் வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்ததால், சாரல் தெளிப்பவரின் முகத்தில் பட்டதும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. தலைக்கு மேல் தெளிக்கும் மா விவசாயிகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

சட்டம் சொல்வது

1968-ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டத்தின் கீழ் 1971-ல் விதிகள் வகுக்கப்பட்டன. மருந்து தெளிப்போருக்குப் பாதுகாப்பு உடை, சுவாசக் கவசம், முதலுதவி, பயிற்சி ஆகியவை வேண்டும் என்று அவ்விதிகள் கூறுகின்றன. எனவே இவற்றுக்கு ஆகும் செலவை மருந்துச் செலவோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தெளிப்பதற்கு முன்

முதலில் மருந்து தேவைதானா என்று பார்க்க வேண்டும். பூங்கொத்துகளைத் தட்டிப் பார்த்து, தத்துப்பூச்சி மிகுதியாக இருந்தால் மட்டும் தெளித்தால் போதும். புட்டியில் உள்ள சாய்சதுரத்தின் நிறத்தைக் கவனிப்பது அவசியம். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் கொடிய நஞ்சு, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நஞ்சு. மாவுக்குப் பரிந்துரைக்கப்பட்டவற்றுள் நஞ்சு குறைந்ததையே தேர்ந்தெடுக்க வேண்டும். பச்சை நிறம் என்றாலும் பாதுகாப்பைக் கைவிடக் கூடாது.

சிறுவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கை கால்களில் புண் உள்ளவர்கள், நோயுற்றவர்கள் ஆகியோரை இந்த வேலையில் ஈடுபடுத்தக் கூடாது. வருபவர் காலை உணவு சாப்பிட்டாரா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்துப் புட்டியில் உள்ள எச்சரிக்கைகளை அவருக்குப் படித்துக் காட்டுவது நலம். குழாய் இணைப்புகளில் ஒழுக்கு இருந்தால் முதல் நாளே சரிசெய்துவிட வேண்டும்.

முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, தொப்பி, கண்ணாடி, ரப்பர் கையுறை, ரப்பர் காலணி, மருந்துப் புட்டியில் குறிப்பிட்டுள்ள முகக்கவசம் ஆகியவை ஆளுக்கு ஒரு தொகுதி தேவை. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்பது தவறு. நனைந்த துண்டு மருந்தை மூக்கருகிலேயே தேக்கி வைத்துவிடும்.

தெளிக்கும்போது

1. நீர் கலக்காத மருந்தே அதிக ஆபத்தானது. கலக்கும்போதும் கையுறை வேண்டும். கையால் கலக்காமல் நீண்ட குச்சியைப் பயன்படுத்த வேண்டும்.

2. காற்று குறைந்த காலை அல்லது மாலை வேளையில் தெளிக்க வேண்டும். காற்று முதுகுப்புறமாக வர வேண்டும். மேற்கிலிருந்து காற்று வீசினால், கிழக்குக் கடைசி வரிசையில் தொடங்கி மேற்கு நோக்கி வர வேண்டும். இப்படிச் செய்தால் தெளித்த மரத்தடியில் நடக்க நேராது.

3. நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதக் கூடாது. மெல்லிய தூரிகையாலும் தண்ணீராலும் சுத்தம் செய்யலாம்.

4. வேலையின் நடுவே பீடி, வெற்றிலை, சாப்பாடு கூடாது.

5. ஒரே ஆளை நாள் முழுவதும் தெளிக்க விடாமல் மாற்றி மாற்றி வேலை தர வேண்டும்.

தெளித்த பின்

குளிக்கத் தண்ணீரும் சோப்பும் தோப்பிலேயே கிடைக்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். மருந்து பட்ட துணியோடு வீட்டுக்குச் சென்றால், அதைத் துவைக்கும் பெண்களுக்கும் தூக்க வரும் குழந்தைக்கும் நஞ்சு பரவும். காலிப் புட்டிகளை உடைத்து, குடியிருப்பும் கிணறும் இல்லாத இடத்தில் புதைக்க வேண்டும். எவரும் அவற்றில் தண்ணீரோ எண்ணெயோ பிடித்து வைக்க இடம் தரக் கூடாது. தெளித்த தோப்பில் ஆடு மாடு மேய்க்கவோ புல் அறுக்கவோ விடக் கூடாது.

நஞ்சின் அறிகுறிகள்

தலைவலி, மயக்கம், மிகுந்த வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், பார்வை மங்குதல், வாந்தி, தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் வேலையை நிறுத்திவிட வேண்டும். "வெயில் மயக்கம்" என்று நிழலில் படுக்க வைத்துவிட்டுப் போவது உயிருக்கே ஆபத்தாகலாம். உடைகளைக் களைந்து, உடலைச் சோப்புப் போட்டுக் கழுவி, 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். வாந்தி எடுக்க வைக்க முயலக் கூடாது. மருந்துப் புட்டியையோ அதன் துண்டுப் பிரசுரத்தையோ உடன் எடுத்துச் செல்வது மிக முக்கியம். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் தக்க மாற்று மருந்தைத் தாமதமின்றித் தர முடியும்.

குத்தகைத் தோப்புகளில்

பூவிலேயே தோப்பைக் குத்தகைக்கு விடும் விவசாயிகள் பலர். அங்கே மருந்து தெளிப்பவர் குத்தகைதாரரின் ஆளா, தோப்புக்காரரின் ஆளா என்ற கேள்வி விபத்து நேர்ந்த பிறகே எழுகிறது. பாதுகாப்பு உடை யார் வாங்குவது, வைத்தியச் செலவு யார் ஏற்பது என்பதைக் குத்தகைச் சீட்டிலேயே எழுதிக்கொள்வது இரு தரப்பாருக்கும் நல்லது.

நஞ்சின் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். எனவே மருந்து தெளித்த அன்று இரவு, வேலைக்கு வந்தவரின் வீட்டுக்கு ஒரு நடை போய் நலம் விசாரித்து வருவதையும் தோப்புக்காரர் தம் வேலைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.