இடையிடையே நின்றுவிடும் பழைய பிக்கப் வண்டி: குறை காணும் முறை

நுவரெலியா, கந்தப்பளை, ஹற்றன் ஆகிய பகுதிகளில் விளையும் கோவா, லீக்ஸ், கரட் முதலிய மரக்கறிகள் வாடுமுன் சந்தையைச் சேர்தல் வேண்டும். இவற்றை ஏற்றிச் செல்லும் வண்டிகளுள் காபரேற்றர் பொருத்திய பழைய பெற்றோல் வண்டிகளும் உள. அவற்றுட் சில வழியில் திடீரென நின்று, சிறிது நேரஞ் சென்றபின் எவ்விதத் திருத்தமுமின்றி மீண்டும் இயங்கும். முற்றாகப் பழுதுற்ற வண்டியின் குறையைக் காண்பது எளிது. இத்தகைய வண்டியின் குறையைக் காண்பதே அரிது. கராஜுக்குக் கொண்டு சென்றால் அது நன்றாகவே ஓடும். ஆகவே குறையை ஆராய ஏற்ற வேளை, வண்டி நின்ற அவ்வேளையேயாகும்.

முதலிற் கவனிக்க வேண்டியது பிறேக். பல வண்டிகளில் பிறேக்குக்குத் துணைபுரியும் வெற்றிட விசை எஞ்சினிலிருந்தே கிடைக்கின்றது. எஞ்சின் நின்றபின் ஓரிரு முறை மிதித்ததும் அத்துணை தீர்ந்து, மிதி கடினமாகிவிடும். எனவே இறம்பொடை போன்ற இறக்கங்களில் எஞ்சின் நின்றால், விட்டுவிட்டு மிதியாது, ஒரே அழுத்தமாக அழுத்தி வண்டியை ஓரத்தில் நிறுத்துக. கைப்பிறேக்கை இழுத்து, சில்லுகளுக்குக் கல் அணைகொடுத்த பின்னரே பொனற்றைத் திறத்தல் வேண்டும்.

எஞ்சினுக்கு அப்பொழுது கிடையாதது தீப்பொறியா, பெற்றோலா என்பதே கேள்வி. கியரை நடுநிலையில் வைத்து, பிளக் வயர் ஒன்றைக் கழற்றி, கைவசமுள்ள வேறொரு பிளக்கில் மாட்டுக. அப்பிளக்கின் உலோகப்பகுதி எஞ்சினின் வெற்று உலோகத்திற் படுமாறு வைத்து, வயரைக் கையாற் பிடியாது, மற்றொருவரைக் கொண்டு ஸ்டார்ட்டரை இயக்குவித்தால் நீலப்பொறி தோன்றுதல் வேண்டும். அருகிற் பெற்றோல் கசிந்திருந்தால் இதனைச் செய்யலாகாது. பொறி உண்டாயின், சாவியை மூடிவிட்டு, காற்றுவடியை நீக்கி, காபரேற்றரின் நெம்பை அசைத்துப் பார்க்க. பெற்றோல் பீச்சாவிடின் குறை எரிபொருட் பக்கத்திலுள்ளது.

எரிபொருட் குறைகளுட் சிறியதும் பலரை ஏமாற்றுவதும் தாங்கி மூடியின் காற்றுத்துளை அடைபடுதலாகும். பெற்றோல் குறையக் குறையக் காற்று உட்புகாவிடின், பம்பியால் இழுக்க இயலாது. கந்தப்பளையில் ஒரு கமக்காரர் பம்பியையும், அதன்பின் காபரேற்றரையும் மாற்றிப் பணத்தைச் செலவிட்டார். வண்டியோ கோவா மூடைகளுடன் மீண்டும் வழியில் நின்றது. மூடியைத் திறந்தபோது சீறலோசையுடன் காற்று உட்சென்றது. துளையில் உலர்ந்த சேறும் கோழியெருத் தூசும் இறுகியிருந்தன. அதனை நீக்க ஓர் ஊசியே போதுமாயிற்று.

கம்பளையிலிருந்து பாரத்துடன் மேலேறும்போது, தாழ்ந்த கியரில் எஞ்சின் மிகச் சூடேறும். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ளது. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தங் குறைவதனால் பெற்றோல் குழாயிலேயே எளிதில் ஆவியாகி வழியை மறிக்கும். பம்பியின்மீதும் குழாயின்மீதும் ஈரத்துணி இட்டபின் வண்டி இயங்கினால் காரணம் இதுவே எனக் கருதலாம். குழாய் புகைபோக்கியைத் தொட்டுச் செல்லாதவாறு விலக்கிக் கட்டுக.

2022ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டின்போது பலர் பெற்றோலைக் கலன்களிற் சேமித்தனர். அவ்வாறு வைக்கும் எரிபொருளில் நீரும் துருவும் சேரக்கூடும். அவை தாங்கியின் அடியிற் கிடந்து, வளைவுகளில் வண்டி சாயும்போது குழாய்க்குள் இழுபடும்.

பொறி இல்லாவிடின் முதலிற் பற்றரி முனைகளை அசைத்துப் பார்க்க. கொயில் சூடானதும் செயலிழந்து, ஆறியதும் இயங்குவதுண்டு. பனிமூட்ட நாட்களில் பிளக் வயர்களின் ஈரத்தை உலர்ந்த துணியால் துடைத்தல் நன்று.

குளிர்ந்த ஈரக் காலையிற் புறப்பட்ட சிறிது நேரத்தில் நின்று, சில நிமிடங்களில் மீளும் வண்டியைப் பழுதெனக் கொள்ளற்க. காபரேற்றருக்குள் ஈரக்காற்று உறைந்து பனிக்கட்டியாகி, பின்னர் எஞ்சினின் வெப்பத்தால் உருகியிருக்கலாம். காற்றுவடிக்குச் சூடான காற்றைக் கொணரும் குழாயைத் தேவையற்றதெனக் கழற்றி எறிந்த வண்டிகளில் இது பெரிதும் நேரும். அதனை மீண்டும் பொருத்துக.

டீசல் வண்டியிற் பொறி இல்லை. அதில் வடியிலுள்ள நீரை வடித்து, கைப்பம்பியால் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றிப் பார்த்தல் வேண்டும்.