தரகர்வழி வந்த விருந்தினர்

லத்தீன் மொழியில் ஹாஸ்பெஸ் என்றொரு சொல் உண்டு. அது விருந்தினன், விருந்தோம்புவோன் என்னும் இருவரையும் ஒருங்கே குறிப்பது. ஹோட்டல் என்னும் பெயரும் ஹாஸ்பிடல் என்னும் பெயரும் அச்சொல்லின் வழிவந்தனவே. ஆகவே, ஹோட்டல் எனப்படும் தங்கும் விடுதியை நடத்துவோன் விலை பெற்றே உபசரிப்பவனாயினும், தன்னிடம் வருவோரை விருந்தினர் என்றே அழைக்கின்றான். அங்ஙனம் அழைப்பவன் அப்பெயருக்குரிய கடமையையும் ஏற்றுக்கொள்கின்றான் அன்றோ? இனி, ஒரே விடுதியில் ஒரே இரவில் இருவர் தங்குகின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் விடுதியாரிடமே நேராக அறை பெற்றவர். மற்றவர் இணையதளத் தரகர் வாயிலாகக் குறைந்த விலைக்குப் பெற்றவர். இருவரும் ஒருதன்மையாக நடத்தப்படுகின்றனரா? இல்லையெனின், காரணம் யாது? அது நேர்மையாகுமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வழங்கும் முறையைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டு இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண், விடுதியறையின் இயல்பை அறிதல் வேண்டும். அது பூவைப் போன்றதொரு சரக்கு. இன்றைய பூ நாளைக்கு ஆகாதவாறுபோல, இன்றிரவு வெறுமையாகக் கிடந்த அறையை நாளை விற்றல் இயலாது. ஆதலின், வெறுமையாய் விடுவதினும் குறைந்த விலைக்கேனும் கொடுத்தல் நலமென விடுதியார் கருதுவர். இக்கருத்தே இணையத் தரகர்க்கு இடந்தந்தது. 1996-ஆம் ஆண்டில் மைக்ரோஸாப்ட் நிறுவனம் எக்ஸ்பீடியாவைத் தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே இன்று புக்கிங் டாட் காம் எனப்படும் தளம் நெதர்லாந்து நாட்டில் தோன்றிற்று. 1998-இல் அமெரிக்காவில் எழுந்த பிரைஸ்லைன் ஒரு புதுமையைச் செய்தது. வாங்குவோர் ஊரையும் விடுதியின் தரத்தையும் தாம் தரும் விலையையும் குறிப்பிடுவர். இசையும் விடுதி எதுவென்பது பணம் கட்டிய பின்னரே தெரியவரும். பின்பு அதனை மாற்றவும் இயலாது. விலை கேட்கும் இம்முறை மறைந்துவிட்டது. பெயரை மறைத்து விலையை மட்டும் காட்டி விற்கும் முறை இன்றும் உள்ளது. பெயரை மறைப்பது ஏன் எனின், வழக்கமான விலை கொடுப்போர் இக்குறைந்த விலையை அறியாதிருத்தற்பொருட்டே. 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தாக்குதலின் பின்னர், பயணிகள் குறைந்து அறைகள் வெறுமையாகவே, அமெரிக்க விடுதியார் பலர் இத்தரகர்களை மிகுதியும் நாடினர்.

இனி, பணம் செல்லும் வழியைக் காண்போம். தரகர் பெறும் கூலி பெரும்பாலும் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து வரையாகும். நூறு டாலர் அறைக்கு நூற்றுக்கு இருபது கூலியாயின், விடுதியார் கைக்கு வருவது எண்பதே. மேலும், ஒருவகை ஏற்பாட்டில் விருந்தினர் தம் பணத்தைத் தரகரிடமே செலுத்திவிடுகின்றார்; தரகர் தம் பங்கை எடுத்துக்கொண்டு எஞ்சியதை விடுதிக்கு அனுப்புகின்றார். ஆகவே, விடுதியார் கணக்கில் அவர் தரகருடைய வாடிக்கைக்காரரேயன்றித் தம்முடையவர் அல்லர். பல சமயங்களில் அவருடைய மின்னஞ்சல் முகவரிகூட விடுதியார்க்குத் தெரிவிக்கப்படுவதில்லை. பின்வரும் வேறுபாடுகளுக்கெல்லாம் இதுவே வேர் என்க.

முதலாவது, அறை ஒதுக்கீடு. ஒரே வகை அறைகளுள்ளும் மின்தூக்கியின் அருகே ஓசை மிக்கது ஒன்று, வாகனம் நிறுத்துமிடத்தை நோக்கியது ஒன்று என வேறுபாடு உண்டு. நல்லன பெரும்பாலும் விடுதியின் உறுப்பினர்க்கும் அடிக்கடி வருவோர்க்கும் செல்லும். எஞ்சியன தரகர்வழி வந்தார்க்கு ஆகும். பெயர் மறைத்து விற்கப்பட்ட அறையிலோ, கட்டில் ஒன்றா இரண்டா என்பதற்குக்கூடப் பலகாலும் உறுதியில்லை. இரண்டாவது, மாரியட், ஹில்டன் போன்ற பெரிய நிறுவனங்கள் தம் உறுப்பினர்க்கு வழங்கும் புள்ளிகளைத் தரகர்வழிப் பதிவுக்குப் பொதுவாக வழங்குவதில்லை. மூன்றாவது, பயணம் தடைப்பட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டால், "பணம் பெற்றவரைக் கேளுங்கள்" என விடுதியார் கூற, "விடுதியார் இசைவு வேண்டும்" எனத் தரகர் கூற, விருந்தினர் இருவரிடையே அலைவார்.

நான்காவதே மிகக் கொடியது. பதிவு செய்தோருள் சிலர் வாராமற் போவராதலின், உள்ள அறைகளினும் மிகுதியாகப் பதிவுகளை ஏற்பது விடுதியார் வழக்கம். எல்லோரும் வந்துவிடின் யாரேனும் ஒருவரை வேறு விடுதிக்கு அனுப்ப நேரும். நல்ல விடுதியார் அவ்விரவுக்குரிய செலவையும் வண்டிக்கூலியையும் தாமே ஏற்பர். ஆயினும், அனுப்பப்படுபவர் யார்? நேரங்கழித்து வந்தவர், ஓரிரவே தங்குபவர், உறுப்பினரல்லாதவர், குறைந்த விலை கொடுத்தவர் என்னும் வரிசையில் நோக்கின், தரகர்வழி வந்த எளிய பயணியே முன்னிற்பார். வேற்றூரில், நள்ளிரவில், சிறிய பணப்பையோடு நிற்பவர்க்கு இது எத்துணைத் துன்பம்!

விடுதியார் பக்கத்தும் நியாயம் உண்டு. அதனையும் மறைத்தல் ஆகாது. தம் தளத்தில் காட்டும் விலையினும் குறைத்து வேறெங்கும் விற்கலாகாதெனத் தரகர் சிலர் விடுதியாரை ஒப்பந்தத்தாற் கட்டினர். ஜெர்மனியின் போட்டிக் கண்காணிப்பு அலுவலகம் 2013-இல் எச்.ஆர்.எஸ். என்னும் தளத்துக்கு இதனைத் தடைசெய்தது. பிரான்ஸ் 2015-இல் சட்டத்தாலேயே விலக்கிற்று. நம் நாட்டிலும் இத்தகைய நிபந்தனை முதலியவற்றின்பொருட்டு இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப், கோஐபிபோ தளங்களை நடத்தும் நிறுவனத்துக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆகவே விடுதியார் மனக்கசப்புக்குக் காரணம் இல்லாமலில்லை.

ஆயினும், அக்கசப்பு சென்று சேரவேண்டிய இடம் தரகரேயன்றி விருந்தினர் அல்லர். கூலியை வகுத்தவர் விருந்தினரல்லர். கூலி இவ்வளவென்பதையும் அவர் பெரும்பாலும் அறியார். அவ்விலைக்குக் கொடுக்க இசைந்தவர் விடுதியாரே. எனவே நாம் இரண்டனைப் பிரித்தறிதல் வேண்டும்: சலுகை ஒன்று, உரிமை மற்றொன்று. மேல்மாடி அறை, இனிய காட்சி, புள்ளிகள் ஆகியன சலுகை. அவற்றைத் தம் பழைய வாடிக்கைக்காரர்க்கு விடுதியார் தருதலில் குற்றமில்லை. தூய படுக்கை, பாதுகாப்பான கதவு, பணிவான சொல், வாக்களித்த இரவுக்குக் கூரை ஆகியன உரிமை. இவற்றில் விலைபற்றி வேறுபாடு காட்டுதல் முறையன்று. ஒருவரை வேறிடத்துக்கு அனுப்பியே ஆகவேண்டுமெனின், கொடுத்த விலையை நோக்காது, யாருக்குத் துன்பம் குறைவு என்பதனை நோக்குதலே அறமாம்.

தேர்வின்பொருட்டும் வேலையின்பொருட்டும் வெளியூர் செல்லும் மாணவர் குறைந்த விலையை நாடுவது இயல்பே. அவர்க்குச் சில கூறுவோம். பதிவு செய்யுமுன் விடுதியின் சொந்த விலையையும் கேட்டறிக. சிலகால் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். பணம் திருப்பித் தரும் நிபந்தனையைப் படித்த பின்னரே பணம் செலுத்துக. பதிவு செய்தபின் விடுதிக்கே தொலைபேசியிற் பேசி, பெயர் பதிவாகியுள்ளதா என உறுதிசெய்து, வருநேரத்தைத் தெரிவிக்க. நேரங்கழியுமாயின் அதனையும் முன்னரே அறிவிக்க. பதிவெண்ணைத் தாளிலும் எழுதி வைத்துக்கொள்க. இவ்வொரு பேச்சினால், தரகர் ஏட்டில் வெறும் எண்ணாயிருந்தவர் விடுதியார்க்குப் பெயருடைய மனிதராகின்றார்.

விடுதித் தொழிலை மேற்கொள்ள நினைக்கும் இளைஞரும் நம்மிடையே இருத்தல் கூடும். தரகர்வழி ஒருமுறை வந்தவர் அன்புடன் நடத்தப்படின், மறுமுறை தரகரின்றி நேரே வருவார். இழிவாக நடத்தப்படின், எவ்வழியாலும் வாரார். குறைக்கப்பட்டது அறையின் விலையேயன்றி அவருடைய மதிப்பன்று என்பதனை அவர்கள் நினைவிற் கொள்வாராக.