எல்லா மயக்கமும் வெயில் மயக்கமல்ல

டெல்லியில் மே, ஜூனில் யாராவது சுருண்டு விழுந்தால் 'லூ' (அனல்காற்று) அடித்துவிட்டது என்று எலுமிச்சைத் தண்ணீரை நீட்டுவார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் வெயில் மயக்கம் சொல்லிக்கொண்டு வரும். வியர்க்கும், குமட்டும், கண் இருட்டும். எனக்கு வந்தது ஏசி அறையில், உட்கார்ந்த இடத்தில். விழித்தபோது நெற்றியில் ரத்தம். எப்போது விழுந்தேன் என்றே தெரியவில்லை. இருபதுகளில் இருப்பவருக்கு இப்படி ஆனால், விரதமா, வேலைப்பளுவா என்று ஆராய்வதற்கு முன் இசிஜி எடுத்துவிடுங்கள். அதில் ஒன்றும் தெரியாவிட்டால், நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியை மாட்டச் சொல்லிக் கேளுங்கள். விட்டுவிட்டு வரும் கோளாறு சில நொடி இசிஜியில் சிக்காது.

நாடியையும் எண்ணிப் பாருங்கள். தினமும் ஓடுகிறவர்களுக்கு ஓய்வில் நாடி குறைவாகத்தான் இருக்கும், படியேறினால் எகிறிவிடும். எனக்கு மெட்ரோ படிகளை ஏறி முடித்தும் 40-ஐத் தொடவில்லை. இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்கு இறங்காமல் நடுவழியில் நின்றுபோகும் 'கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்' அது. ரத்தக்குழாய் அடைப்பு வேறு. ஸ்டென்ட் வைத்து இதைச் சரிசெய்ய முடியாது; பேஸ்மேக்கர்தான் வேண்டும்.

பேஸ்மேக்கர் வைத்ததும் எல்லாம் முடிந்தது என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். முதியவருக்கு, மின்துடிப்பைக் கீழறைக்குக் கடத்தும் இதயத்தின் சொந்தக் 'கம்பி' வயதால் தேயலாம். இளவயதில் ஏன் அறுந்தது? பின்லாந்தில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், முதலில் காரணம் பிடிபடாத ஹார்ட் பிளாக் இருந்த 55 வயதுக்குட்பட்ட 72 பேரில் 18 பேருக்கு சார்காய்டோசிஸ் என்னும் அழற்சி நோய் அல்லது ஒருவகை இதயத்தசை அழற்சி இருந்தது. நம் நாட்டில் காசநோயையும் சேர்த்துத் தேட வேண்டும். அதனால் நெஞ்சு சிடி, இதய எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் பெட் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். அவசரமில்லை என்றால் எம்ஆர்ஐயைப் பேஸ்மேக்கருக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது; பிறகு எடுத்தால் படம் தெளிவாக விழாமல் போகலாம். சார்காய்டோசிஸ் என்றால் ஸ்டீராய்டு, காசநோய் என்றால் அதற்கான மருந்து. பேஸ்மேக்கர் துடிப்பைக் காக்குமே தவிர நோயைத் தீர்க்காது.

இனி சில்லறை விஷயங்கள். முதல் சில வாரம் பேஸ்மேக்கர் வைத்த பக்கத்துக் கையை, எனக்கு இடது கையை, தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. ராஜீவ் சௌக் மெட்ரோ நெரிசலில் வலது கையால்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். மெட்ரோ சோதனையில் பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டினால் கையால் தடவிப் பார்த்து அனுப்புவார்கள். போனைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். இன்டக்ஷன் அடுப்பின் மேல் குனிந்து சமைக்காதீர்கள்.

“கல்யாணம் முடியுற வரைக்கும் வாயைத் திறக்காதடி” என்றாள் ஊரிலிருக்கும் அத்தை. அந்த யோசனையை நான் ஏற்கவில்லை. பேட்டரி தீரும்போதெல்லாம், ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை, அதை மாற்றியாக வேண்டும். அன்று ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடப் போகிறவர் பெண் பார்க்க வரும்போதே தெரிந்துகொள்ளட்டும்.