பக்கவாதத்தின் பின் வரும் கிருமித்தொற்று

முசிறிப் பகுதியில் ஒருவருக்குப் பக்கவாதம் கண்டால், 108 ஊர்தியில் ஏற்றி, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடந்து, திருச்சிராப்பள்ளி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் சேர்ப்பதுண்டு. இரத்தக்கட்டியால் வந்த வாதமாயின், நாலரை மணி நேரத்திற்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம் என்பதையும் பலர் அறிவர். ஆயின், வாதத்திற்குத் தப்பியவர் சில நாட்களில் காய்ச்சல் கண்டு இறப்பது ஏன் என்பதை அறிந்தோர் சிலரே.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளிவந்த கணக்கின்படி, வாத நோயாளிகள் நூற்றுவரில் ஏறக்குறைய 30 பேருக்குக் கிருமித்தொற்று உண்டாகிறது. நிமோனியா 10 பேருக்கும், சிறுநீர்த் தொற்று 10 பேருக்கும் வருகின்றன. உயிருக்கு மிகுந்த கேடு செய்வது நிமோனியாவே.

மூளை பழுதுற்றதும் விழுங்கும் தசைகள் தளர்கின்றன. பருகிய நீர் மூச்சுக்குழாயில் நுழைகிறது. நலமுள்ளவருக்குப் புரையேறினால் இருமல் அதனை வெளியே தள்ளிவிடும். இவருக்கு அவ்விருமலும் எழாது போகலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியும் சில நாட்கள் தாழ்ந்திருக்கும். ஆதலின் வாயிலுள்ள கிருமிகள் நுரையீரலில் எளிதில் பெருகுகின்றன.

"நா வறண்டு கிடக்கிறாரே" என்று இரங்கி, உறவினர் காப்பியோ சோடாவோ கஞ்சியோ புகட்டுவதை நாம் பலகாலும் காண்கிறோம். விழுங்கும் திறனைச் சோதித்து, மருத்துவரோ செவிலியரோ அனுமதி தரும்வரை, ஒரு மிடறு நீரும் மாத்திரையும் வாய்வழி கொடுத்தலாகாது. மூக்குவழிக் குழாய் சாகப்போகிறவருக்கே என்று மறுப்பாரும் உளர், அது பிழை. குழாயில் உணவு செலுத்தும்போதும் தலைப்பக்கம் உயர்ந்திருத்தல் வேண்டும். வாயை நாள்தோறும் துடைத்துத் தூய்மை செய்தல் வேண்டும்.

காய்ச்சல் வருமுன்பே கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தால் என்ன? நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் நடந்து 2015-இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளில், அதனால் நிமோனியா குறையவில்லை.

சிறுநீர்க்குழாய் இன்னும் தேவைதானா என்று மருத்துவரை நாள்தோறும் கேட்கலாம். சிறுநீர்ப்பை இடுப்பிற்குக் கீழே தொங்கவேண்டும்; தரையில் படலாகாது. நோயாளியை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிவிட்டால் படுக்கைப்புண் தவிர்க்கப்படும். வேன் நிறைய ஊரார் சென்று சூழ்வதினும், இருவர் மாறிமாறிச் சோப்பிட்டுக் கைகழுவி உடனிருப்பது மேல்.

வீடு திரும்பியவருக்கு, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இல்லத்திலேயே இயன்முறைச் சிகிச்சை பெற வழி செய்யப்பட்டது. ஊராட்சி உறுப்பினர் தம் வார்டிலுள்ள இத்தகையோரின் பெயரைச் சுகாதார ஊழியரிடம் தெரிவிக்கலாம். காய்ச்சல், மூச்சிரைப்பு, புதிய மயக்கம் இவற்றுள் ஒன்று கண்டாலும், அன்றே மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.