கோணலும் பழுதும்

ஜப்பானியரின் அழகியலில் 'வாபி-சாபி' என்றொரு கருத்து உண்டு. குறையுள்ளதிலும் நாட்பட்டதிலும் அழகைக் காண்பதே அது. உடைந்த கோப்பையை மரப்பாலால் ஒட்டி, வெடிப்பின்மேல் பொன்தூள் பூசும் 'கின்சுகி' கலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

தொழிலில் அவர்கள் பயன்படுத்தும் சொல் 'முடா'. எமது மார்க்கமும் தடுத்துள்ள வீண்விரயமே அதன் பொருள். டொயோட்டா நிறுவனப் பொறியியலாளர் தாயிச்சி ஓனோ முடாவை 7 வகையாகப் பிரித்தார். பழுதான பொருளை உற்பத்தி செய்வது அவற்றுள் ஒன்று.

முதலாவது குறையை நேசிக்கிறது. மற்றது குறையை நீக்குகிறது. இவை முரணானவையா?

எங்கள் உரும்பிராயின் செம்மண் தோட்டங்களைப் பார்க்கையில், இல்லை என்றே எண்ணுகிறேன். புழு குத்திய கத்தரிக்காய் பழுது. வளைந்த கத்தரிக்காய் பழுதன்று. கறியில் அதன் கோணல் தெரியாது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு யாழ்ப்பாணத்தில் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கிச் சேர்ந்த நீரையே கிணறுகளிலிருந்து இறைத்துப் பயிர் செய்கிறோம். கோணற்காயை ஒதுக்கும்போது அந்த நீரும் தோட்டக்காரரின் உழைப்பும் சேர்ந்தே வீணாகின்றன.

ஆகவே, பயனைக் கெடுக்கும் குறையே முடா. தோற்றக் குறையைப் பொறுக்காத கண்ணோ புதிய முடாவை உண்டாக்குகிறது. சந்தையில் காய் தெரியும்போது வடிவைப் பாராமல் பழுதை மட்டும் பார்ப்போம்.